நிக்கல் கழுவுநீருக்கு 50 லிட்டர் கீலேட்டிங் ரெசின் செட்: வாங்கலாமா?

நிக்கல் பூசிய பொருள்களைக் கழுவிய நீரிலிருந்து நிக்கலைப் பிடித்தெடுக்க, சிறிய நிக்கல் பிளேட்டிங் பட்டறைகளுக்கு விற்கப்படும் 50 லிட்டர் ரெசின் (உலோக அயனியைப் பிடிக்கும் பிளாஸ்டிக் மணிகள்) செட்டைப் பற்றிய மதிப்புரை இது. ஒரு எஃப்ஆர்பி (கண்ணாடி இழை பிளாஸ்டிக்) தொட்டி, அதன் தலையில் நீரின் திசையை மாற்றும் மல்டிபோர்ட் வால்வு, உள்ளே இமினோடைஅசெட்டேட் வகை கீலேட்டிங் ரெசின், பக்கத்தில் அமிலத்துக்கும் காஸ்டிக்குக்கும் (சோடியம் ஹைட்ராக்சைடு) ஆளுக்கொரு பிளாஸ்டிக் டிரம், ஒரு சின்ன பம்ப். ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் மாறலாம், சாமான் பெரும்பாலும் இதுதான். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: ரெசின் நல்ல சரக்கு. அதைப் போட்டுக் கொடுக்கும் தொட்டியும் வால்வும் பல நேரங்களில் பொருத்தமில்லாதவை. உள்ளே எந்தத் தண்ணீரை விடப்போகிறோம் என்று தெரியாமல் வாங்கினால் ரெசினும் வீண்.

முதலில் எந்த எண்ணைத் தொட வேண்டும் என்று பார்த்துவிடுவோம். சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் பொது அளவுகோல்படி, ஆறு, ஓடை போன்ற நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீரில் நிக்கல் லிட்டருக்கு 3 மி.கி., செம்பு 3, துத்தநாகம் 5, மொத்தக் குரோமியம் 2, ஆறு இணைதிறன் குரோமியம் 0.1, ஈயம் 0.1 மி.கி.யைத் தாண்டக் கூடாது. பிஹெச் 5.5 முதல் 9 வரை. மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையில் இதைவிடக் கடுமையான எண் இருந்தால் அதுதான் கணக்கு. குடிநீருக்கான ஐஎஸ் 10500 தரத்திலோ நிக்கலின் வரம்பு 0.02 மி.கி. இரண்டுக்கும் நடுவே 150 மடங்கு இடைவெளி. சுற்றிலும் கிணறும் போர்வெல்லும் உள்ள இடத்தில் பட்டறை நடத்துகிறவர் 3-ஐத் தொட்டுவிட்டோம் என்று நிறுத்திக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. ரெசினுக்குச் செலவு செய்வதே அந்த 3-க்குக் கீழே இறங்கத்தான்.

சுண்ணாம்பு போட்டு வீழ்படிவாக்கும் வழக்கமான ஈடிபி (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு அமைப்பு) ஏன் போதவில்லை? நிக்கல் ஹைட்ராக்சைடு நன்றாகப் படிய பிஹெச் 10-லிருந்து 10.5 வரை வேண்டும். வெளியேற்றும்போது 9-க்குக் கீழே இறக்கியாக வேண்டும். படியாமல் தப்பி மேலே மிதந்துவரும் நுண்ணிய பச்சைத் துகள்கள் மணல் வடிகட்டியையும் தாண்டி வந்துவிடும். அதன்பின் பிஹெச் குறைக்க அமிலம் விட்டதும் அவை மறுபடி கரைந்து நிக்கலாகிவிடும். செட்டிலிங் தொட்டியில் கண்ணாடி போலத் தெரிந்த தண்ணீர் ஆய்வக அறிக்கையில் 4, 5 மி.கி. காட்டுவது பெரும்பாலும் இதனால்தான். வடிகட்டியபின் அமிலம் விடுவதா, முன்பே விடுவதா என்ற வரிசையைச் சரிசெய்து, வடிகட்டியை நல்ல நிலையில் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். அதைச் செய்யாமல் ரெசினைப் பின்னால் மாட்டினால் அது விலை உயர்ந்த மணல் வடிகட்டியாகத்தான் வேலை செய்யும்.

ரெசின் எப்படிப் பிடிக்கிறது

கீலேட் என்ற சொல்லின் வேர் கிரேக்க மொழியில் நண்டுக் கொடுக்கு. பெயர் பொருத்தமானது. பாலிஸ்டைரின் மணியில் தொங்கும் ஒவ்வொரு இமினோடைஅசெட்டேட் தொகுதியிலும் ஒரு நைட்ரஜனும் இரண்டு கார்பாக்சிலேட்டும் உண்டு. மூன்று பக்கமும் சேர்த்து உலோக அயனியைக் கவ்விக்கொள்ளும். தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் சாதாரண சாஃப்ட்னர் ரெசின் மின்சுமையை மட்டும் பார்த்துப் பிடிக்கும். இது ஆள் பார்த்துப் பிடிக்கும். முன்னுரிமை வரிசை: செம்பு, ஈயம், நிக்கல், துத்தநாகம், காட்மியம், ஃபெரஸ் இரும்பு, மாங்கனீஸ், கால்சியம், மக்னீசியம், கடைசியில் சோடியம். அதனால்தான் உப்பும் கடினத்தன்மையும் மிகுந்த போர்வெல் தண்ணீரில் கழுவினாலும் இது நிக்கலைத் தேடி எடுக்கிறது.

ஆனால் வரிசையில் பின்னால் நிற்கும் கால்சியத்துக்கு ரெசினில் இடமே கிடைக்காது என்று நினைக்க வேண்டாம். நிக்கல் 3 மி.கி. என்றால் லிட்டருக்கு 0.1 மில்லி ஈக்விவலன்ட் (அயனிகளின் மின்சுமையை எண்ணும் அலகு). கடினத்தன்மை 200 என்றால் 4 மில்லி ஈக்விவலன்ட், நாற்பது மடங்கு. கூட்டம் அவ்வளவு இருந்தால் கால்சியம் முதலில் உட்கார்ந்துவிடும். நிக்கல் ஒவ்வொன்றாக அதை எழுப்பிவிட்டுத்தான் இடம் பிடிக்க வேண்டும். சுண்ணாம்பு போட்ட ஈடிபிக்குப் பின்னால் ரெசின் வைப்பவர்களுக்குக் கொள்ளளவு குறைந்து தெரிவதன் காரணம் இதுதான். ரெசின் மட்டம் என்று விற்றவரோடு சண்டைக்குப் போவதற்கு முன் கடினத்தன்மையை அளந்து பாருங்கள்.

இன்னொன்று: இது நிக்கலை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும். டிடிஎஸ், அதாவது கரைந்த உப்புகளின் மொத்த அளவு, குறையாது. இந்த செட் ஒன்றையே 'ஜீரோ டிஸ்சார்ஜ்' என்று விற்றால் அது பொய்.

கொள்ளளவு என்ற எண்

விளம்பரத்தாளில் கொள்ளளவு ஒவ்வொரு கம்பெனியிலும் ஒவ்வொரு விதமாக எழுதப்பட்டிருக்கும். ஆம்பர்லைட் ஐஆர்சி748 என்ற ரெசினுக்கு லிட்டருக்கு 1.35 ஈக்விவலன்ட் என்று இருக்கும். பியூரோலைட் எஸ்930 பிளஸ்ஸுக்கு லிட்டருக்கு 50 கிராம் செம்பு என்று இருக்கும். இரண்டாவது எண் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் 1.35 ஈக்விவலன்டைச் செம்பாக மாற்றினால் 43 கிராம் வரும், நிக்கலாக மாற்றினால் 40 கிராம். அளந்தது ஹைட்ரஜன் வடிவிலா சோடியம் வடிவிலா (ரெசினின் இடங்களில் உட்கார்ந்திருப்பது ஹைட்ரஜனா சோடியமா) என்பதையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒரு வடிவிலிருந்து மற்றதற்கு மாறும்போது ரெசினின் பருமன் 30 சதவீதத்தை ஒட்டி மாறும். லெவாட்டிட் மோனோபிளஸ் டிபி 207-இன் தனிச்சிறப்பு வேறு: மணிகள் எல்லாம் ஒரே அளவு. அதனால் அழுத்த இழப்பு குறைவு, அலசலும் சீராக இருக்கும். இந்த மூன்றில் எது கிடைத்தாலும் நிக்கல் வேலைக்குப் போதும். பிராண்டை வைத்து முடிவெடுக்கும் இடம் இது இல்லை.

நடப்பில் எவ்வளவு எதிர்பார்க்கலாம்? 50 மி.கி. நிக்கல் உள்ள நேரடிக் கழுவுநீரில் லிட்டர் ரெசினுக்கு 20-லிருந்து 25 கிராம் என்று திட்டமிடுங்கள். சுண்ணாம்புக்குப் பின் 3 மி.கி. உள்ள கடின நீரில் 10 கிராமுக்கு மேல் கணக்குப் போடாதீர்கள். ஒரு மணிக்கு 500 லிட்டர், நாளுக்கு எட்டு மணி நேரம், ஆக 4000 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். நேரடிக் கழுவுநீர் என்றால் நாளுக்கு 200 கிராம் நிக்கல். 35 லிட்டர் ரெசின் 875 கிராம் பிடிக்கும், நாலு நாளில் நிரம்பிவிடும். ஈடிபிக்குப் பின் என்றால் நாளுக்கு 12 கிராம்தான். அதே 35 லிட்டர் 350 கிராம் பிடித்தாலும் 29 நாள் ஓடும். ஒரே ரெசின், ஒரே பட்டறை, வைக்கும் இடத்தைப் பொறுத்து நாலு நாளா ஒரு மாதமா என்பது மாறுகிறது.

தொட்டியில் நடக்கும் தப்பு

50 லிட்டர் செட் என்று சொல்லிவிட்டு ஏன் 35 லிட்டருக்குக் கணக்குப் போடுகிறோம் என்று கேட்கலாம். செட்டில் அடிக்கடி வருவது 10 அங்குல விட்டம், 54 அங்குல உயரத் தொட்டி. அதன் உள்கொள்ளளவு 60 லிட்டர் சொச்சம். அடியில் ஸ்ட்ரெய்னரை (மணி வெளியேறாமல் தடுக்கும் சல்லடை) மூடக் கூழாங்கல் 6, 7 லிட்டர் போகும். அதன்மேல் சோடியம் வடிவில் 50 லிட்டர் ரெசினைக் கொட்டினால் தலைக்கு மேலே நாலைந்து லிட்டர் இடம்தான் மிஞ்சும். முதல் பேக்வாஷிலேயே (கீழிருந்து மேலாகத் தண்ணீர் விட்டு அலசுவது) மணிகள் எழும்பி மேல் ஸ்ட்ரெய்னரில் அப்பிக்கொள்ளும், தூசும் உடைந்த மணியும் வெளியே போக வழி இருக்காது. அமிலம் விட்டதும் ரெசின் சுருங்கும், காஸ்டிக் விட்டதும் உப்பிப் பெருக்கும். உப்புவதற்கு இடமில்லாமல் நெருக்கப்பட்டால் மணி உடையும், பிரஷர் கேஜ் முள் ஏறும். பத்துப் பதினைந்து சுழற்சிக்குப் பிறகு "ரெசின் பொடியாகிவிட்டது" என்ற புகார் வரும்போது குற்றவாளி ரெசின் இல்லை, தொட்டி.

எனவே எங்கள் பரிந்துரை, 50 லிட்டர் ஒற்றைத் தொட்டி வேண்டாம். அதே 10 அங்குலத் தொட்டி இரண்டு, ஒவ்வொன்றிலும் 35 லிட்டர், வரிசையாக. ரெசின் படுகையின் உயரம் 70 செ.மீ.க்கு மேல் கிடைக்கும், மேலே விரிய இடமும் இருக்கும். முதல் தொட்டி நிரம்பி நிக்கல் கசியும்போது இரண்டாவது அதைப் பிடித்துக்கொள்ளும். முதலாவதைக் கழற்றி ரீஜெனரேஷன் (அமிலம் விட்டு நிக்கலை வெளியேற்றி ரெசினைப் புதுப்பிப்பது) செய்தபின் அதை இரண்டாவது இடத்தில் மாட்ட வேண்டும், பழைய இரண்டாவது முன்னுக்கு வரும். இப்படி மாற்றி மாற்றி ஓட்டினால் முன் தொட்டியை முழுசாக நிரப்பலாம், அமிலச் செலவும் குறையும். ஒற்றைத் தொட்டியில் கசிவு தெரிவதற்குள் நிறுத்த வேண்டியிருப்பதால் கொள்ளளவில் ஒரு பங்கு எப்போதும் வீணாகிக்கொண்டே இருக்கும்.

வால்வு அடுத்த வில்லங்கம். சாஃப்ட்னருக்காகச் செய்த தானியங்கித் தலையை இதில் மாட்டக் கூடாது. அது உப்புக் கரைசலுக்கானது. 7 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் அதன் ஸ்பிரிங்கையும் திருகையும் தின்றுவிடும். ஸ்டெயின்லெஸ் 316 போட்டிருக்கிறோம் என்று சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள், குளோரைடு அமிலத்துக்கு அதுவும் நிற்காது. தொட்டிக்கு ஆறு யுபிவிசி (கெட்டிப் பிளாஸ்டிக்) பால் வால்வு, கையால் திருப்பும் ஏற்பாடு. பார்க்க அழகாக இருக்காது, ஆனால் வருடக்கணக்கில் உழைக்கும்.

உள்ளே விடக் கூடாதவை

நிக்கல் கழுவுநீர் தனிக் குழாயில் வர வேண்டும். சயனைடு உள்ள செம்பு, துத்தநாகக் கழுவுநீர் ஒரு வாளி கூட இதில் கலக்கக் கூடாது. சயனைடோடு சேர்ந்த நிக்கல் எதிர்மின் அயனியாகிவிடுவதால் இந்த ரெசின் அதைத் தொடாது என்பது சின்ன நஷ்டம். ரெசினில் தங்கிய சயனைடின் மேல் ரீஜெனரேஷன் அமிலம் படும்போது ஹைட்ரஜன் சயனைடு வாயு வரும் என்பதுதான் பெரிய ஆபத்து. மூடிய அறையில் அது ஆளைக் கொல்லும். சயனைடு நீரை பிஹெச் 10.5-க்கு மேல் வைத்து ஹைப்போகுளோரைட் கொண்டு தனியே சிதைத்து முடித்த பிறகுதான் மற்றதோடு சேர்க்கலாம். அங்கிருந்து மிச்சக் குளோரின் வந்தாலும் ரெசினின் சங்கிலி அறுந்து மணி மெத்துமெத்தென்று ஆகிவிடும்.

குரோம் கழுவுநீரும் வேண்டாம். ஆறு இணைதிறன் குரோமியம் குரோமேட் என்ற எதிர்மின் வடிவில் இருக்கிறது, கீலேட்டிங் ரெசின் அதைப் பிடிக்காது. போதாக்குறைக்கு ரெசினை ஆக்சிஜனேற்றம் செய்து கெடுக்கும். பிஹெச் 2-லிருந்து 2.5-க்குள் சோடியம் மெட்டாபைசல்ஃபைட் போட்டு மூன்று இணைதிறனுக்கு இறக்கி, பிறகு 8-லிருந்து 8.5-இல் படியவைப்பதுதான் அதற்கு வழி. மின்சாரமில்லா நிக்கல் குளியலின் (பூச்சுக் கரைசல்) கழுவுநீரில் சிட்ரேட் போன்ற பிணைப்பான்கள் நிக்கலை இறுகப் பிடித்திருக்கும். இடிடிஏ என்ற பிணைப்பான் இருந்தால் இன்னும் மோசம், அது ரெசினை விடப் பலமான கொடுக்கு. அந்த நீர் வந்த அன்று ரெசின் திடீரென்று வேலை செய்யாதது போலத் தோன்றும், நிறுத்தியதும் சரியாகிவிடும்.

வாட்ஸ் குளியலில் (வழக்கமான மின்பூச்சு நிக்கல் கரைசல்) பளபளப்புக்காகச் சேர்க்கும் சாக்கரின் போன்ற கரிமப் பொருள்களுக்கும் எண்ணெய்க்கும் முன்னால் ஒரு கார்பன் தொட்டி வையுங்கள். மணிக்கு 500 லிட்டருக்கு 80 லிட்டர், அதாவது 40 கிலோ தேங்காய் ஓட்டுக் கார்பன் இருந்தால் பத்து நிமிடத் தொடர்பு கிடைக்கும். அதன்பின் 5 மைக்ரான் கார்ட்ரிட்ஜ் வடிகட்டி. ரெசினுக்குள் நுழையும் நீரின் பிஹெச் 4.5-க்கும் 6.5-க்கும் இடையே இருக்கட்டும். 3-க்குக் கீழே போனால் ஹைட்ரஜனே இடத்தை அடைத்துக்கொள்ளும். 8-ஐத் தொட்டால் நிக்கல் ஹைட்ராக்சைடாக மணிகளுக்கு நடுவே படிந்து அடைக்கும்.

ரீஜெனரேஷன், 35 லிட்டருக்கு

நிரம்பிய ரெசினைப் பார்த்தாலே தெரியும். புதிதாக வரும்போது பழுப்பு கலந்த வெண்மையாக, ஒளி ஊடுருவாமல் இருக்கும் மணி, நிக்கலைக் குடித்ததும் இளம்பச்சையாகிவிடும். தொட்டியில் ஒரு பார்வைக் கண்ணாடி இருந்தால் பச்சை விளிம்பு நாளுக்கு நாள் கீழே இறங்குவதைக் காணலாம். செம்பு கலந்திருந்தால் மேல்பகுதி மட்டும் கருநீலமாக இருக்கும், அது உங்கள் குளியலில் எங்கேயோ செம்பு கரைகிறது என்ற எச்சரிக்கை.

கசிவைப் பிடிக்க ஆய்வகம் வேண்டாம். முதல் தொட்டியின் வெளிநீர் 10 மி.லி., அதில் நாலைந்து சொட்டு அம்மோனியா, பிறகு ஸ்பிரிட்டில் கரைத்த 1 சதவீத டைமெத்தில்கிளையாக்சைம் ஐந்து சொட்டு. இளஞ்சிவப்பு மேகம் போலத் திரண்டால் நிக்கல் வந்துவிட்டது. சிவப்பு அடர்த்தியாகி, உள்நீரில் வரும் நிறத்துக்குப் பாதி அளவு தெரிந்தால் மாற்றுங்கள். நாளுக்கு இரண்டு முறை இந்தச் சோதனை, மாதத்துக்கு ஒருமுறை ஏஏஎஸ் (உலோகங்களை அளக்கும் ஆய்வகக் கருவி) அறிக்கை, இவ்வளவு போதும்.

முதலில் பேக்வாஷ், மணிக்கு 400 லிட்டர் வேகத்தில் கீழிருந்து மேலாக, வெளிநீர் தெளியும் வரை, ஏறக்குறைய 15 நிமிடம். மணி வெளியே வந்தால் வேகத்தைக் குறையுங்கள். அடுத்து அமிலம். டிரம்மில் 56 லிட்டர் தண்ணீர் எடுத்து, அதில் 32 சதவீத வணிக ஹைட்ரோகுளோரிக் அமிலம் 14 லிட்டரை மெதுவாக ஊற்றினால் 7 சதவீதத்தை ஒட்டிய 70 லிட்டர் கிடைக்கும். தண்ணீருக்குள்தான் அமிலம், மாற்றிச் செய்யக் கூடாது. கண்ணாடி, ரப்பர் கையுறை, திறந்த காற்று. இதை மணிக்கு 100 லிட்டர் வேகத்தில் மேலிருந்து கீழாக விட 40 நிமிடம் பிடிக்கும். முதல் 15, 20 லிட்டர் தொட்டியில் நின்ற வெறும் தண்ணீர். பிறகு நிறம் ஏறத் தொடங்கி, சில நிமிடங்களில் மரகதப் பச்சையாக ஓடும். அந்தப் பச்சைப் பகுதியைத் தனி கேனில் பிடியுங்கள். நிறம் வெளுத்தபின் வருவதை அடுத்த முறை அமிலம் கலக்கும் தண்ணீராகப் பயன்படுத்தலாம். வேகத்தை இரட்டிப்பாக்கினால் நேரம் மிச்சமாகும் என்று நினைத்து ஓட்டினால் பச்சை நீண்டு நீர்த்துப்போய் வரும், பாதி நிக்கல் உள்ளேயே நிற்கும்.

அதே மெதுவான வேகத்தில் 70 லிட்டர் தண்ணீர், பின்னர் வேகமாக, வெளிநீர் பிஹெச் 4-ஐத் தாண்டும் வரை அலசல். இதற்குப் பிறகு வரும் படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஹைட்ரஜன் வடிவிலேயே சேவைக்கு, அதாவது கழுவுநீர் ஓட்டத்துக்கு, விட்டால் பிடிபடும் ஒவ்வொரு நிக்கலுக்கும் அமிலம் வெளியே வரும், பிஹெச் சரிந்து பிடிப்பு நின்றுவிடும். 25 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ காஸ்டிக் செதிலைக் கரைத்து, ஆறவைத்து, கீழிருந்து மேலாக மெதுவாக விடுங்கள். இது பாதி இடங்களை மட்டும் சோடியமாக்கும், அதுதான் வேண்டும். நல்லது நல்லது என்று இரண்டு மடங்கு காஸ்டிக் போட்டால், சேவை தொடங்கிய முதல் மணி நேரத்தில் உள்ளே பிஹெச் 10-ஐத் தாண்டி நிக்கல் அங்கேயே படிந்துவிடும்.

ஹைட்ரோகுளோரிக்குக்குப் பதில் கந்தக அமிலம் மலிவாகக் கிடைக்கிறதே என்றால், ரெசினில் கால்சியம் இருக்கும் வரை அதை நினைக்கவே கூடாது. ஜிப்சம் வெள்ளை வெள்ளையாக மணிகளுக்கிடையில் உறைந்துவிடும், எளிதில் கரையாது. டிஎம் தண்ணீரில் (தாது உப்புகள் நீக்கிய நீர்) கழுவும் பட்டறைக்கு மட்டும் 10 சதவீத கந்தக அமிலம் பொருந்தும். அவர்களுக்கு அதில் லாபமும் உண்டு: வெளிவரும் நிக்கல் சல்பேட்டை நிக்கல் கார்பனேட்டால் பிஹெச் ஏற்றி, கார்பனில் வடித்துக் குளியலுக்கே திருப்பலாம். ஆனால் செம்பும் துத்தநாகமும் இல்லை என்று ஏஏஎஸ்ஸில் உறுதிசெய்த பிறகு. ரெசின் நிக்கலைச் செறிவாக்கும் அதே வேகத்தில் செம்பையும் செறிவாக்கித் தரும். அதைக் குளியலில் ஊற்றினால் மின்னோட்டம் குறைவாகப் படும் மூலைகளில் கறுப்படிக்கும்.

மற்ற ஊடகங்களோடு ஒப்பிட்டால்

காங்கேயம் வட்டாரத் தேங்காய் ஓட்டுக் கார்பன் தரமானது, கரிமப் பொருளுக்கும் குளோரினுக்கும் அதை மிஞ்ச முடியாது. நிக்கலுக்கு அதை நம்ப வேண்டாம். அயோடின் எண் 1000 என்று காட்டி விற்பார்கள். அது நுண்துளைப் பரப்பின் அளவு, உலோகப் பிடிப்புக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. பாட்டிலில் கார்பன் போட்டுக் குலுக்கி நிக்கல் போய்விட்டதைக் காட்டும் செய்முறையில் ஒரு சூட்சுமம் உண்டு. புதுக் கார்பனின் சாம்பல் தண்ணீரின் பிஹெச்சை 9, 10-க்கு ஏற்றிவிடும், நிக்கல் படிந்துவிடும். கார்பனை நீர்த்த அமிலத்தில் அலசிவிட்டு, பிஹெச் 6-இல் மறுபடி குலுக்கிக் காட்டச் சொல்லுங்கள். அப்போதும் பிடித்தால் பேசலாம்.

துகள் ஃபெரிக் ஹைட்ராக்சைடு ஆர்செனிக்குக்கு அருமையானது. ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் டி. பிரதீப் குழுவினர் உருவாக்கிய அம்ரித் என்ற ஊடகமும் இரும்பு ஆக்சிஹைட்ராக்சைடை அடிப்படையாகக் கொண்டு ஆர்செனிக் குடிநீர்ச் சிக்கலைத் தீர்க்க வந்ததுதான். பிளேட்டிங் நிக்கல் அதன் களம் இல்லை. இயற்கை ஜியோலைட் மலிவு, ஆனால் கடின நீரில் கால்சியமும் அம்மோனியமும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மரத்தூள், வேப்பிலை, கடலைத்தோல் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளில் கிராமுக்கு இத்தனை மி.கி. என்று வரும் எண்கள் பெரும்பாலும் வாலைவடிநீரில், ஒரே உலோகத்தோடு, அதிகச் செறிவில் எடுத்தவை. உங்கள் 3 மி.கி. கடின நீருக்கு அந்த எண் பொருந்தாது. தவிர, அவற்றைப் பட்டறையில் ரீஜெனரேஷன் செய்ய முடியாது. வாரந்தோறும் ஒரு மூட்டை அபாயக் கழிவுதான் மிஞ்சும்.

சரக்கைச் சோதிப்பது

கீலேட்டிங் ரெசின் சாஃப்ட்னர் ரெசினைவிடப் பல மடங்கு விலை, அதனால் கலப்படத்துக்கு இடமுண்டு. சாஃப்ட்னர் மணி தேன் நிறத்தில் கண்ணாடி போல இருக்கும், இது பால் கலந்தது போல மங்கலாக இருக்கும். சந்தேகம் என்றால் 100 மி.லி. தண்ணீரில் 10 கிராம் சாப்பாட்டு உப்பு, 1 கிராம் மயில்துத்தம் (செம்பு சல்பேட்) கரைத்து, 10 மி.லி. ரெசினைப் போட்டு அரை மணி குலுக்குங்கள். அசல் சரக்கு கருநீலமாகி, தண்ணீர் ஏறக்குறைய நிறமற்றுப் போகும். சாஃப்ட்னர் ரெசின் அவ்வளவு உப்பில் செம்பைப் பிடிக்கத் திணறும், நீலம் பெரும்பாலும் அப்படியே நிற்கும்.

மூட்டை ஈரமாக இருக்க வேண்டும். காய்ந்துபோயிருந்தால் நேரே தண்ணீர் ஊற்றாதீர்கள், மணி வெடிக்கும். செறிந்த உப்புநீரில் ஊறவைத்துப் படிப்படியாக நீர்க்கச் செய்யுங்கள்.

பணம் கொடுக்கும் முன் உங்கள் தண்ணீரிலேயே ஒரு ஓட்டம் கேளுங்கள். 25 மி.மீ. உள்விட்டமுள்ள தெளிவான குழாயில் 250 மி.லி. ரெசின், அரை மீட்டர் உயரம் வரும். மணிக்கு 2.5 லிட்டர் வேகம். கொள்ளளவு லிட்டருக்கு 25 கிராம் என்றால் 50 மி.கி. நீரில் 125 லிட்டர், அதாவது 50 மணி நேரம் ஓடியபின்தான் சிவப்பு தெரிய வேண்டும். 20 மணி நேரத்திலேயே தெரிந்தால் பிணைப்பானோ, பிஹெச்சோ, கடினத்தன்மையோ ஏதோ ஒன்று இடிக்கிறது. காரணம் கண்டுபிடிக்காமல் பெரிய தொட்டியை வாங்காதீர்கள். இந்தச் சோதனைக்குச் சம்மதிக்காத வியாபாரியிடம் வாங்கவே வேண்டாம்.

உழைத்து ஓய்ந்த ரெசினைக் குப்பையில் கொட்ட முடியாது. 2016-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின் முதல் அட்டவணையில், நச்சு உலோகங்கள் உள்ள பழைய அயனிப் பரிமாற்ற ரெசின் 35.2 என்ற எண்ணில் வருகிறது. ஈடிபி சேறு 35.3, பழைய கார்பன் 36.2. வாரிய அனுமதியில் இந்த எண்கள் இருக்கின்றனவா என்று செட் வாங்கும் முன்பே பாருங்கள், பிறகு சேர்ப்பது அலைச்சல். வளாகத்தில் 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, லேபிளும் மேனிஃபெஸ்டும் (கழிவோடு செல்லும் ஆவணம்) இல்லாமல் வண்டியில் ஏற்றவும் கூடாது. தமிழ்நாட்டில் கும்மிடிப்பூண்டியில் அதற்கான பாதுகாப்பு நிலநிரப்பு மையம் இருக்கிறது. அனுப்பும் முன் கடைசியாக ஒருமுறை அமிலத்தில் ஓட்டி, அலசி, நன்றாக வடியவிட்டு மூட்டை கட்டுங்கள். ரெசினில் எஞ்சிய நிக்கலில் பெரும்பகுதி வெளியேறிவிடும், எடைக்குக் கொடுக்கும் காசும் குறையும்.